போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: மேடம், எனக்கு 29 வயது. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், இப்போது ஓசூரில் இருக்கிறோம். எனக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது ஆயாவிடம் (பாட்டியிடம்) விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் வருவார்கள். நான் தூங்கும்போது கிளம்பிவிடுவார்கள். ஆறு வயதில் ஓசூரில் வீடு பிடித்து என்னைக் கூட்டி வந்து ஸ்கூலில் சேர்த்தார்கள், ஆயா ஊரிலேயே இருந்துவிட்டது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது ஆயா இறந்துவிட்டது. பரீட்சை எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் நல்லவர், ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவர். ஷிஃப்ட் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் என் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று விடியற்காலையில் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார். நான் கண் விழித்து ஆளைக் காணவில்லை என்றால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஃபோன் எடுக்கவில்லை என்றால் இருபது தடவைகூடக் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் பேச மாட்டேன். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். எங்களுக்கு 14 மாதத்தில் பெண் குழந்தை. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இப்போது ஊரோடு போய்விட்ட அம்மா, "பாப்பாவை என்கிட்ட விடு, உன்னை ஆயா வளர்க்கலையா, நல்லாத்தானே இருக்க" என்கிறார். கேட்டதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அம்மா பாப்பாவைக் கொஞ்சினாலே எரிச்சலாக இருக்கிறது. ரீல்ஸில் என்னைப் போன்றவர்களுக்கு 'ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்' என்கிறார்கள், மூன்று வயதுக்குள் நடந்ததுதான் கடைசி வரைக்கும் என்கிறார்கள். நான் இப்படியேதானா? என் பாப்பாவும் என்னை மாதிரி ஆகிவிடுமா? அவளை ஊரில் விடலாமா?

பதில்: சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே காரியம் மூன்று தடவை நடக்கிறது. கவனித்து எழுதினீர்களா, தானாக வந்து விழுந்ததா தெரியவில்லை. நீங்கள் தூங்கும்போது அம்மாவும் அப்பாவும் கிளம்பினார்கள். நீங்கள் பரீட்சை எழுதும்போது ஆயா போய்ச் சேர்ந்தார், உங்களிடம் சொல்லவில்லை. இப்போது நீங்கள் தூங்கும்போது உங்கள் கணவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகிறார். மூன்றுமே உங்கள் மேல் உள்ள அன்பினால் செய்ததுதான். ஆனால் மூன்றிலும் உங்களுக்குப் பிரியமானவர் உங்களிடம் சொல்லாமல் காணாமல் போயிருக்கிறார். இருபது தடவை ஃபோன் அடிக்கிற கை 29 வயதுப் பெண்ணின் கைதான், ஆனால் அந்த நேரத்துப் பயத்துக்கு வயது ஒன்றரை.

பொங்கல் முடிந்த வாரத்தில் தர்மபுரி பேருந்து நிலையத்தில் பெங்களூரு பஸ் நிற்கிற பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாட்டி, இடுப்பில் இரண்டு வயதுகூட நிரம்பாத பையன். அவன் அம்மா பையை ஏற்கெனவே பஸ்ஸுக்குள் வைத்துவிட்டுக் கீழே நிற்கிறாள். பாட்டி கண்ணைக் காட்டியதும் பையனைத் திருப்பிக்கொண்டு, "அங்க பாரு கண்ணு, பன்னு வாங்கலாமா" என்று கடைப் பக்கம் நடக்கிறார். அம்மா பின்வாசல் வழியாக ஏறிவிட்டாள். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பையன் திரும்பினான். உடனே அழவில்லை. அம்மா நின்ற இடத்தைப் பார்த்தான், அங்கே வேறு யாரோ நிற்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், மறுபடி அந்த இடத்தைப் பார்த்தான். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் வாய் கோணியது. பஸ்ஸுக்குள் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரிந்தது.

இது நம் பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பது. "பார்த்தா அழும், தூங்கறப்பவே கிளம்பிடு." நல்ல எண்ணத்தில் சொல்கிற வார்த்தைதான். ஆனால் குழந்தைக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. அம்மா எந்த நேரத்திலும் மறைந்துவிடலாம், அதனால் தூங்கக்கூட நம்பிக்கையில்லை, கண்ணை மூடினால் ஆள் இருக்காது. யாரும் எழுத்தாகச் சொல்லித்தருவதில்லை, உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது.

இதே தவறை ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனைகளே செய்தன. 1940-களிலும் 50-களிலும் இங்கிலாந்தில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெற்றோர் வாரத்துக்கு ஒரு முறை, சில இடங்களில் அதுகூட இல்லாமல்தான் பார்க்க முடியும். நர்சுகள் சொன்ன காரணம் நம் பாட்டிகள் சொல்வதேதான். "நீங்கள் வந்தால்தான் அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது." ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அந்த வார்டுகளில் உட்கார்ந்து குழந்தைகளை நாள் கணக்காகக் கவனித்தார். முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது. அப்புறம் சோர்ந்து ஒடுங்கிப் படுத்துக்கொள்கிறது. மூன்றாவதாக, சமத்தாகச் சிரித்து விளையாட ஆரம்பிக்கிறது, ஆனால் அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் குழந்தை பழகிவிட்டது என்று நினைத்தார்கள். ராபர்ட்சன் அதைப் படம் பிடித்துக் காட்டினார், பல மருத்துவர்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். 1959-இல் அரசாங்கக் குழு ஒன்று, பெற்றோரைத் தடையில்லாமல் பார்க்க விடுங்கள் என்று பரிந்துரை செய்த பிறகு மெல்ல மெல்ல நிலைமை மாறியது.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆடிப் பதினெட்டுக்கு அவர் வந்தபோது நீங்கள் அவரிடம் ஓடி வந்தீர்களா, ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்களா? இப்படி விட்டுப்போன தாய்மார்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொன்னது, "ஒரு நாள் முழுக்க என்கிட்ட வரவே இல்ல மேடம், யாரோ மாதிரி பார்த்தது, ஊருக்குக் கிளம்பற அன்னைக்குத்தான் காலைக் கட்டிக்கிச்சு."

ராபர்ட்சனோடு வேலை செய்தவர்தான் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர். நீங்கள் ரீல்ஸில் கேட்கிற அட்டாச்மென்ட் என்ற பேச்சுக்கு மூலவர் அவர். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டுமில்லை, ஆபத்து வந்தால் ஓடி ஒளிய ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக, அது உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடு என்று சொன்னார். அவருடன் லண்டனில் வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சின்னச் சோதனையை உருவாக்கினார். உங்கள் பாப்பா வயதுக் குழந்தைகளுக்கானது அது, 12 மாதத்திலிருந்து 18 மாதம் வரை. ஓர் அறை, பொம்மைகள், அம்மா, முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மா மூன்று நிமிடம் வெளியே போய்விட்டு வருவார். மொத்தமே இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தார்.

சில குழந்தைகள் அழுதுகொண்டே வந்து தோளில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் தேறி, இறங்கி விளையாடப் போய்விட்டன. இதைப் பாதுகாப்பான பிணைப்பு என்கிறோம். சில குழந்தைகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும், இறக்கிவிட்டால் மறுபடி அழும், எதிலும் ஆறாது. அம்மா கிடைக்கிறாரா இல்லையா என்பது நிச்சயமில்லாத குழந்தை, சத்தத்தைக் கூட்டினால்தான் வருவார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இது பதற்றப் பிணைப்பு, ரீல்ஸில் சொல்கிற 'ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்'. இன்னும் சில, அம்மா போனதையும் கண்டுகொள்ளவில்லை, வந்ததையும் கண்டுகொள்ளவில்லை, பொம்மையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அழுதால் பயனில்லை, தள்ளித்தான் விடுவார்கள் என்று அது கற்றிருக்கிறது, அதனால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. பிற்பாடு இந்த மூன்றாவது வகைக் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர்கள் கண்டது, வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் உள்ளே நெஞ்சு அழுகிற குழந்தையைப் போலவே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

இருபது தடவை கூப்பிட்டுவிட்டு, அவர் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற உங்களை இரண்டாவது குழந்தையில் நீங்களே அடையாளம் கண்டிருப்பீர்கள். தூக்கு என்று கை நீட்டுவதும் நீங்கள்தான், தூக்கினால் உதைப்பதும் நீங்கள்தான். மொட்டைமாடிக்குப் போகிறவர் மூன்றாவது குழந்தை. பத்து, பதினோரு வயதுப் பையன் ஹாஸ்டலில் இரவில் அழுதால் யார் வந்து தேற்றுவார்கள்? பக்கத்துக் கட்டில்காரன் கிண்டல் செய்வான், அவ்வளவுதான். அவர் அழாமலிருக்கப் பழகினார், அந்தப் பழக்கம் அவருக்கு அன்று உதவியது. நீங்கள் சத்தம் போடும்போது அவர் மாடியேறுவதும், அவர் மாடியேறும்போது நீங்கள் இன்னும் சத்தம் போடுவதும் ஒன்றுக்கொன்று விறகு வைப்பது போல. அவர் அங்கே நின்று நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணாதீர்கள். அவர் நெஞ்சும் உங்களுடையதைப் போலத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு, தேற்ற வேண்டிய ஆளே பயமுறுத்துகிற ஆளாகவும் இருக்கும் வீடுகளில் வருவது. குடித்துவிட்டு அடிக்கிற அப்பா, கண்மண் தெரியாமல் கோபப்படுகிற அம்மா. அந்தக் குழந்தை ஓடி வரும், பாதியில் உறைந்து நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அது பொருந்தினால், இந்தப் பதில் போதாது, நேரில் ஒரு மனநல ஆலோசகரிடம் நீண்ட நாள் பேச வேண்டிய விஷயம் அது.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். அம்மா விட்டுப் போனதைப் பற்றி ஒன்றிரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆயாவிடமிருந்து உங்களைக் கூட்டி வந்ததைப் பற்றி எழுதியது அரை வரி. "ஆயா ஊரிலேயே இருந்துவிட்டது", அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை, காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்தது யார்? களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டது யாரிடம்? இரவு யார் பக்கத்தில் படுத்தீர்கள்? பெற்றது அம்மாவாக இருக்கலாம், அந்த நான்கரை வருடத்தில் உங்கள் மனசு அம்மா என்று பிடித்துக்கொண்டது ஆயாவைத்தான். ஆறு வயதில் ஊரே சந்தோஷப்பட்டிருக்கும், பிள்ளை அப்பா அம்மாவோடு சேர்ந்துவிட்டது, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கப் போகிறது என்று. உங்களுக்கு அன்றைக்கு இரண்டாவது முறையாக அம்மா போனார். அதை இழப்பு என்று வீட்டில் யாரும் எண்ணவில்லை, அதனால் அழவும் இடம் கிடைக்கவில்லை. அழுதிருந்தால், "பெத்தவகிட்ட வந்துட்டு ஆயாவுக்கு அழுவாங்களா" என்று கேட்டிருப்பார்கள்.

பௌல்பிக்கும் இது நடந்திருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை. அந்தக் கால இங்கிலாந்து வழக்கப்படி பெற்ற தாயைப் பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான், வளர்த்தது முழுக்க ஒரு தாதி. அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதாக இருக்கும்போது அந்தத் தாதி வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்ததற்குச் சமமான துயரம் அது என்று பிற்காலத்தில் அவர் நினைத்தார். வாழ்நாள் முழுவதும் பிரிவைப் பற்றியே ஒருவர் ஏன் ஆராய்ந்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம் அந்தப் பத்தாம் வகுப்பு. பரீட்சை கெட்டுவிடும் என்று சாவை மறைத்தது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஆனால் முகம் பார்க்கவில்லை, எடுத்துப் போகும்போது கூட நிற்கவில்லை, கருமாதிக்கும் இல்லை. அந்தத் துக்கம் இன்னும் முடியாமல் அப்படியே நிற்கிறது. நீங்கள் கணவர்மேல் படுகிற கோபத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, இப்படியேதானா என்று கேட்டீர்கள். இல்லை. மூன்று வயதோடு முடிந்தது என்று சொல்கிற ரீல்ஸை நம்பாதீர்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில் 1970-களின் நடுவில் பிறந்த குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறார்கள். சிறு வயதுப் பிணைப்பின் சாயல் பிற்கால நட்பிலும் காதலிலும் தெரிகிறது, உண்மைதான். ஆனால் நடுவில் வாழ்க்கை மாறும்போது அதுவும் மாறுகிறது, நல்லதாகவும் மாறுகிறது, கெட்டதாகவும் மாறுகிறது. 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் ஒரு செய்தித்தாளில் கேள்வித்தாள் வெளியிட்டு, பெரியவர்களின் காதலிலும் இந்த மூன்று சாயல்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். பதில் எழுதியவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் பாதுகாப்பானவர்கள். மற்றவர்கள் உங்களைப் போலவும் உங்கள் கணவரைப் போலவும் இருந்தவர்கள், குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். இது ரத்த வகை மாதிரி மாறாமல் ஒட்டிய ஒன்று என்று எண்ண வேண்டாம். ஒரே ஆள் ஒருவரிடம் நிம்மதியாகவும் இன்னொருவரிடம் பதற்றமாகவும் இருக்க முடியும். ஆயாவிடம் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். அது உங்களுக்குள் இருக்கிறது, அதை எந்த ரீல்ஸும் கணக்கில் சேர்க்கவில்லை.

1980-களில் மேரி மெயின் என்பவரும் அவர் குழுவினரும் பெரியவர்களிடம் அவர்கள் பால்யத்தைப் பற்றிப் பேட்டி எடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். அம்மாவைப் பற்றி ஐந்து வார்த்தை சொல்லுங்கள் என்பார்கள். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் நடந்த ஒரு சம்பவம் கேட்பார்கள். அதில் தெரிய வந்தது எனக்கு இன்றைக்கும் தெம்பு தருகிறது. பால்யம் நன்றாக இருந்ததா என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறார் என்பதுதான் அவருடைய பிள்ளையின் பிணைப்போடு நெருக்கமாக ஒத்துப்போனது. கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள்கூட, மறைக்காமல், மூழ்கிப் போகாமல், முன்பின் கோவையாகத் தங்கள் கதையைச் சொல்ல முடிந்தால், அவர்கள் குழந்தைகள் நிம்மதியாக இருந்தன. லண்டனில் 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளிடம் இந்தப் பேட்டியை எடுத்தார்கள், குழந்தைக்கு ஒரு வயதானதும் எய்ன்ஸ்வொர்த் சோதனையைச் செய்தார்கள். நான்கில் மூன்று பேருக்குத் தாயின் சாயலும் பிள்ளையின் சாயலும் ஒத்திருந்தன. நான்கில் ஒருவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் கோபம் இருக்கிறது, மழுப்பல் இல்லை. கோவையாகச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனவே ஆயாவுக்கும் ஐந்து வார்த்தை எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம். எழுதும்போது அழுகை வந்தால் வரட்டும். ஊருக்குப் போகும்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆயாவை அடக்கம் செய்த இடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள், அவர் எதுவும் பேச வேண்டாம், கூட நின்றால் போதும்.

கணவர் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. முதல் ஷிஃப்ட் அன்று கிளம்பும்போது உங்களை எழுப்பச் சொல்லுங்கள். தோளைத் தொட்டு, "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை, நீங்கள் "ம்" என்றால் போதும், திரும்பப் படுத்துக்கொள்ளலாம். நம் மொழியில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை, சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள், போகிற வார்த்தையிலேயே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அந்தப் பாதி வார்த்தைதான் ஒன்றரை வயதிலிருந்து கிடைக்கவில்லை. தூக்கம் கெடுமே என்று அவர் தயங்குவார். ஐந்து நிமிடத் தூக்கம் போனால் பரவாயில்லை, கண் விழித்துத் தேடுகிற படபடப்பு போகும் என்று அவருக்கு விளக்குங்கள். இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுக்கலாம்.

ஃபோன் விஷயமும் அப்படித்தான். பல கம்பெனிகளில் உள்ளே ஃபோன் கொண்டுபோக முடியாது, லாக்கரில்தான் இருக்கும். இருபது தடவை அடித்தாலும் அது இரும்புப் பெட்டிக்குள்தான் அதிரும். டீ நேரத்தில் ஒரு மெசேஜ் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம், அந்த இரண்டு நாள் மௌனத்தை விட வேண்டும். "நீ போயிட்டியோன்னு பயந்துட்டேன்" என்று சொல்வது, பேசாமல் முறைத்துக்கொண்டிருப்பதைவிடக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் முறைப்பில் அவருக்குப் பயம் தெரியாது, கோபம்தான் தெரியும், கோபத்தைக் கண்டால் அவர் மாடியேறுவார். அவர் மாடிக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். "பத்து நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், சொன்னபடி இறங்கி வரட்டும்.

பாப்பாவை ஊரில் விடலாமா என்பதற்கு என் பதில், இந்த வருடம் வேண்டாம். வளர்க்கத் தெரியாது என்று உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஒரு குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964-இல் ஆய்வை வெளியிட்டவர்கள், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் ஒட்டியிருந்ததைக் கண்டார்கள். பாட்டி, அப்பா, அத்தை என்று நாலு பேர் இருப்பது குழந்தைக்குப் பலம். சிக்கல், ஒட்டியவர்களைத் திடீரென்று மாற்றுவதில் இருக்கிறது. இப்போது உங்களிடமிருந்து பிரித்து, பள்ளி வயதில் பாட்டியிடமிருந்து பிரித்து, மறுபடி அதே இரண்டு வெட்டு விழும். முடிந்தால் அம்மாவை ஓசூருக்கு வரச் சொல்லுங்கள், ஆறு மாதமாவது. பாப்பா இடம் மாறுவதைவிடப் பாட்டி இடம் மாறுவது மேல்.

அது முடியாது என்றால் உங்கள் கம்பெனியில் கேளுங்கள். சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், கூட இரண்டு மூன்று தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. காப்பகம் என்றால் முதல் நாளே விட்டுவிட்டு ஓடாதீர்கள். முதல் சில நாட்கள் நீங்களும் உட்காருங்கள், அப்புறம் அரை மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம். வீட்டில் அவள் பிடித்துக்கொண்டு தூங்குகிற துணி எதுவோ அதைக் கொடுத்து அனுப்புங்கள். கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுவாள். 14 மாதத்தில் அழுவதுதான் இயல்பு, அந்த அழுகையால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. மாலையில் நீங்கள் போனதும் உங்களிடம் வந்து தேறுகிறாளா என்று பாருங்கள்.

வேறு வழியே இல்லை, ஊரில்தான் விட வேண்டும் என்று ஆகிவிட்டால், அதற்காக உங்களைக் கெட்ட தாய் என்று நான் சொல்ல மாட்டேன். வானம் பார்த்த பூமியை நம்பி வாழ முடியாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கணக்கு இருக்கிறது. அப்படியானால் வாரா வாரம் போங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்தான். வருவதையும் போவதையும் அவளிடம் சொல்லுங்கள். திரும்ப அழைத்து வரும்போது பாட்டியையும் சில மாதம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தாய் என்றால் எந்நேரமும் குழந்தையின் மனம் அறிந்து நடப்பவள் என்று நினைத்து நடுங்காதீர்கள். எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் 1970-களிலிருந்து தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாகக் கவனித்தவர். ஆரோக்கியமான ஜோடிகளிலேயே நூற்றுக்கு முப்பது பங்கு நேரம்தான் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்று கண்டார். மீதி நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்துகொள்வதும்தான். கோபத்தில் பாப்பாவிடம் கத்திவிட்டால், பிறகு தூக்கி அணைத்து, "அம்மா கத்திட்டேன் கண்ணு" என்று சொல்ல உங்களுக்குத் தெரியும்தானே. அது போதும்.

ஒன்று மட்டும். படபடப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் தொடர்ந்து கெடுத்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும்கூட, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கடைசியாக, அம்மா பாப்பாவைக் கொஞ்சும்போது வருகிற எரிச்சல். அந்த மடி உங்களுக்குக் கிடைக்கவில்லை, இப்போது உங்கள் கண் முன்னால் வேறொரு குழந்தைக்குக் கிடைக்கிறது, அது உங்கள் குழந்தையாகவே இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. "நல்லாத்தானே இருக்க" என்று அம்மா சொல்வது உங்களிடம் சொல்வது மாதிரித் தெரிகிறது, தன் மனசுக்கே சொல்லிக்கொள்வதாகத்தான் எனக்குக் கேட்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பாப்பா தூங்கிய பிறகு, சண்டைக்கு இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் தடவை என்னைத் தூங்க வைத்துவிட்டு பஸ் ஏறின அன்றைக்கு உனக்கு எப்படிம்மா இருந்தது என்று. இருபத்தேழு வருடமாக அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.